ஏடு ஒன்று, பிரதி பல



நூல்கள் ஏட்டுச் சுவடிகளிலே வழங்கிய காலத்தில், ஒரே நூலின் பிரதிகள் பல ஊர்களிலே இருந்தன. ஓரூரிலே பிரதி செய்தவர் ஒரு சொல்லைத் திருத்துவார். மற்றோர் ஊரிலே பிரதி செய்தவர் ஒரு வரியை விட்டுவிடுவார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது, பல பிரதிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. எது மூலபாடம், எது பாடபேதம் என்று துணிவது அக்காலப் பதிப்பாசிரியர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அச்சு வந்ததும் இத்தொல்லை தீர்ந்தது என்று எண்ணினோம். கணினி வந்தபின் அது நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்கு நண்பர் ஒருவர் உளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் ஊரின் குளங்கள், கோயில்கள், குடும்பங்கள் ஆகியவற்றைப் பற்றி அன்னையார் சொல்லக் கேட்டவற்றை எழுதியும், அவருடைய குரலைப் பதிவு செய்தும் சேர்த்து வந்தார். வீட்டிலே மேசைக் கணினியில் எழுதுவார். பயணத்திலே கைப்பேசியில் திருத்துவார். சில மாதங்களில் ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘உண்மையான இறுதி’ என்று மூன்று கோப்புகள் இருந்தன. அவற்றுள் எது இறுதி என்பது அவருக்கே தெரியவில்லை.

இதற்கு இன்று பலரும் கைக்கொள்ளும் வழி, ‘முகில்’ எனப்படும் சேவையிலே கோப்புகளை வைத்தலாகும். பெயர் முகிலாயினும், அது வானத்தில் இல்லை. வேறொருவருக்கு உரிய கணினியிலே உள்ளது. வசதி மிக்கதுதான். எனினும் இணையம் வேண்டும். இடம் மிகுந்தால் வாடகை வேண்டும். சேவை நடத்துவோர் விதிகளை மாற்றினால் நாமும் உடன்பட வேண்டும். அன்னையின் குரலை அயலார் வீட்டிலே வைக்க என் நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. நம்முடைய கருவிகளே ஒன்றோடொன்று நேரிற் பேசி ஒத்துப்போக இயலாதா என்று கேட்டார். இயலும். அதன் வகையைச் சிறிது விளக்குவேன்.

முதலாவது, அனுப்பும் முறை. பெரிய கோப்பொன்றிலே ஒரு பக்கம் மாறியதற்காக முழுவதையும் அனுப்புவது வீண் வேலை. கோப்பைச் சிறு துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டத்துக்கும் கணக்கிட்டுப் பெறும் சிறிய அடையாள எண்ணை முதலில் ஒப்பிட்டால், எத்துண்டம் மாறியது என்பது புலப்படும். அதனை மாத்திரம் அனுப்பினாற் போதும். அவுஸ்திரேலியாவிலே அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கராஸ் என்னும் இருவர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ என்னும் மென்பொருள் இக்கருத்தைத் திறம்படக் கையாண்டது.

இரண்டாவது, எது புதியது என்று துணியும் முறை. பிந்திய நேரத்தை உடையதே புதியது என்று கொள்ளலாமே எனின், அஃது எப்பொழுதும் பொருந்தாது. ஒரு கருவியின் கடிகாரம் பிழையாக ஓடலாம். இரு பிரதிகளும் தனித்தனியே திருத்தப்பட்டிருந்தால், பிந்தியதை வைத்துக்கொண்டு முந்தியதை அழிப்பது செய்த உழைப்பில் ஒரு பாதியை அழிப்பதாகும். கடிகாரத்தை நம்பாது, எண்ணிக்கையினாலேயே நிகழ்ச்சிகளின் முன்பின் முறையை அறியும் வழியை லெஸ்லி லம்போட் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் விளக்கினார். பிரதிகளுக்கிடையே பேதத்தைக் கண்டறியும் எண்வரிசை முறை 1983இல் வெளியான ஆய்வொன்றிலே விளக்கம் பெற்றது.

அம்முறை எளியது. ஒவ்வொரு கருவியும், தான் செய்த திருத்தங்களை எண்ணிக் கோப்போடு குறித்து வைக்கும். என் நண்பரின் கோப்பிலே ‘கணினி 3, கைப்பேசி 2’ என்று இருப்பதாகக் கொள்வோம். கணினியில் மேலும் ஒருமுறை திருத்தினால் ‘கணினி 4, கைப்பேசி 2’ ஆகும். இது பழையதை முற்றும் உள்ளடக்கியது. ஆதலின் ஐயமின்றிப் பழையதன் இடத்தைப் பெறும். ஆனால் அச்செய்தி எட்டுமுன் கைப்பேசியிலும் ஒரு திருத்தம் நிகழ்ந்திருந்தால், அங்கே ‘கணினி 3, கைப்பேசி 3’ என்றிருக்கும். இரண்டில் எதுவும் மற்றதை உள்ளடக்கவில்லை. இதுவே பாடபேதம்! 2013ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த யாக்கொப் போர்க் என்பவர் தொடங்கிய ‘சிங்க்திங்’ என்னும் இலவச மென்பொருள், இந்நிலையில் ஒன்றை அதன் பெயரிலேயே வைத்து, மற்றதை வேறு பெயரிட்டுப் பக்கத்தில் வைக்கும். எதை ஏற்பது என்று துணியும் பதிப்பாசிரியர் பணி நம்முடையது.

இம்மென்பொருளிலே ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட அடையாளம் ஒன்று உண்டு. இரு கருவிகளும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டாலன்றிக் கோப்பு நகராது. ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் இணையமே வேண்டியதில்லை. தொலைவில் இருந்து நேரே தொடர்பு கிட்டாதபொழுது இடைநிலைக் கணினி ஒன்று உதவும். ஆயினும் கடந்து செல்வது மறைமொழியாக இருத்தலின் அதனால் வாசிக்க இயலாது. ஒரு குறை உண்டு. இரு கருவிகளும் ஒரே வேளையில் விழித்திருத்தல் வேண்டும். ஆகவே சிலர், மின்சாரம் குறைவாக உண்ணும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியொன்றை இரவும் பகலும் இயங்க விடுகின்றனர்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. நண்பர் இத்தகைய மென்பொருள் ஒன்றை அமைத்துக்கொண்டார். மகிழ்ச்சியாகவே இருந்தார். ஒருநாள் கைப்பேசியிலே இடம் போதவில்லை என்று பதிவுகள் இருந்த கோப்புறையை அழித்தார். வீட்டுக் கணினியில் அவை இருக்கின்றனவே என்ற துணிவு. மென்பொருள் தன் கடமையைத் தவறாது செய்தது. கைப்பேசியில் இல்லாதது கணினியிலும் இல்லாமற் போயிற்று. பழைய வன்தட்டு ஒன்றில் இரண்டு மாதங்களுக்கு முந்திய பிரதி இருந்தமையால் பெரும்பகுதி மீண்டது. மீளாதவற்றுள் ஒன்று, அன்னையார் தாம் பிறந்த ஊரின் கிணறுகளுக்குப் பெயர் சொல்லிய பதிவு. அன்னையார் இப்பொழுது இல்லை.

ஒத்திசைவு வேறு, பாதுகாப்பு வேறு என்பதை இவ்வாறுதான் நாங்கள் கற்றோம். ஒத்துப்போகும் பிரதிகள் பிழையிலும் ஒத்துப்போகும். ஆதலின் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அழிந்ததையும் மாறியதையும் சில காலம் ஒதுக்கி வைக்கும் வசதி சிங்க்திங்கிலும் உண்டு. அதனை எல்லாக் கருவிகளிலும் இயக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை வன்தட்டொன்றிலே பிரதி எடுத்து, இணைப்பைக் கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது, வேறெங்கும் கிடையாத ஏடுகளும் அங்கே எரிந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

நண்பர் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறார். கிணறுகளின் பெயர்களை அறிந்த முதியவர் ஒருவர் அவ்வூரில் இருப்பதாகக் கேள்வியுற்று, அடுத்த வாரம் அங்கே செல்கிறார். வன்தட்டு ஒன்று என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.