செடிக்குள்ளேயே இருக்கிறது மருந்து



சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் நடந்தால் பூச்சட்டிகளைக் காணலாம். கறிவேப்பிலை, துளசி, மிளகாய், நடுவே ஓர் ஆர்க்கிட். ஒரு நாள் அந்த ஆர்க்கிட்டின் இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றும். இதழில் பழுப்புக் கோடுகள் விழும். கடையில் மருந்து கேட்போம். கிடைப்பது பூச்சிக்கும் பூஞ்சைக்குமான மருந்து. வைரஸ் பிடித்த செடியைத் தெளித்துக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

அப்படியானால் செடியின் கதி? 1928இல் அமெரிக்க ஆய்வாளர் வின்கார்டு புகையிலையில் ஒரு விந்தையைக் கண்டார். வளையப்புள்ளி வைரஸால் கீழ் இலைகள் நோயுற்றன. பிறகு துளிர்த்த மேல் இலைகளோ நலமாக இருந்தன. அவற்றில் அதே வைரஸை மீண்டும் செலுத்தியும் நோய் வரவில்லை. செடி தன்னைத் தானே காத்துக்கொண்டது. எப்படி என்பது விளங்க எழுபது ஆண்டுகள் ஆயின.

செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எது, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மரபணு வெளிப்பாடு. வேலை செய்யும் மரபணு ஆர்என்ஏ என்னும் நகலை எழுதும். நலமான இலையிலும் நோயுற்ற இலையிலும் உள்ள நகல்களை ஒப்பிட்டால், செடி எவற்றை முடுக்கியது, எவற்றை அடக்கியது என்பது தெரியும்.

1999இல் பிரிட்டனில் ஹாமில்டனும் பால்கோம்பும் செடிகளில் மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டுகளைக் கண்டறிந்தனர். வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகிறது. செடி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அவற்றை அடையாளமாக வைத்து, பொருந்தும் வைரஸ் நகல்களைத் தேடி அழிக்கிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. இந்தக் காவலை முடக்கும் புரதங்களை உண்டாக்குகிறது. யார் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி.

இதற்கும் நம் இட்லிக்கும் தொடர்பு உண்டு. உளுந்தைக் கெடுப்பது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. இளம் பயிரிலேயே தாக்கினால் விளைச்சல் முழுவதும் போகக்கூடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பி, ஷிவபிரசாத் ஆகியோர் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அந்த வைரஸின் ஒரு பகுதிக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்என்ஏவை நோயுற்ற உளுந்துச் செடிக்குள் உருவாகச் செய்தனர். செடிகள் நோயிலிருந்து மீண்டன. 2003இல் இது உலக அறிவியல் இதழில் வெளியானது. ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வெற்றிதான். ஆயினும் வழி தெரிந்துவிட்டது.

மரபணு என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். மரபணுவை மாற்றுவது வேறு, படிப்பது வேறு. எந்த மரபணு செடியைக் காக்கிறது என்று தெரிந்தால், அதைக் கொண்ட ரகத்தைத் தேர்ந்து பழைய முறையிலேயே ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் காணலாம். மாற்றுவதைப் பற்றி வாதிடுவோம். படிப்பதைத் தடுக்க வேண்டாம்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ ஒரு வயலில் பயிர் மடிந்தால் தேக்காக் கடையில் பருப்பு விலை ஏறக்கூடும். நம் தேசிய மலரான ஆர்க்கிட்டையும் சிம்பிடியம் தேமல், ஒடன்டோகுளோசம் வளையப்புள்ளி என இரு வைரஸ்கள் வாட்டுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இவை ஆராயப்பட்டுள்ளன.

ஆய்வின் பலன் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் வெட்டும் கருவி வழியாகவே பரவுகின்றன. ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலை நெருப்பில் காட்டிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். நோயுற்றதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். செடி தன் போரைத் தானே நடத்துகிறது. நாம் எதிரிக்கு வாகனமாகாமல் இருந்தாலே போதும்.