பிள்ளையின் முதல் ஓட்டப் பந்தயம்



பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இருக்காது. "அப்பா, ஓட்டத்தில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்" என்று முதல் வகுப்புப் பிள்ளை ஓடி வந்து சொல்லும். நாமும் மகிழ்ச்சியோடு, "முதலாவதாக வரவேண்டும், தெரியுமா?" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

எட்டுப் பிள்ளைகள் ஓடினால் முதலிடம் ஒன்றுதான். மற்ற ஏழு பேரும் பின்னால்தான் வர முடியும். அந்த ஏழு பேரில் நம் பிள்ளையும் இருக்கலாம் அல்லவா? ஓடி முடித்ததும் பிள்ளை முதலில் தேடுவது தாய் தந்தையரின் முகத்தை. அங்கே கோபத்தைக் கண்டால், அடுத்த ஆண்டு வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளும். அந்த அச்சம் திடலோடு நிற்பதில்லை. விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்காத பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். தவறினால் ஏச்சு விழும் என்ற எண்ணமே அவர்களுடைய கையைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே, முதல் பந்தயத்தில் பிள்ளை கற்கவேண்டிய பாடம் ஒன்றுதான். தொடங்கிய ஓட்டத்தை முடிக்கவேண்டும். இதற்குப் பெற்றோர் செய்யக்கூடியவை பல உண்டு.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, மாலையில் பிள்ளையைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தயத்தில் தேசிய மொழியில் "கெ காரிசான்" என்பார்கள். கோட்டுக்கு வா என்று பொருள். "செடியா" என்றால் ஆயத்தமாக இரு. அதன் பிறகுதான் ஊதலோ துப்பாக்கியோ ஒலிக்கும். இதை நீங்களே சொல்லிக் கைதட்டிப் பழக்கினால், அன்றைக்குப் பிள்ளை திகைத்து நிற்காது.

அடுத்தது, முடிவுக் கோடு. ஓட்ட விதிப்படி கையோ காலோ தலையோ கோட்டை எட்டினால் போதாது, உடம்பு எட்டவேண்டும். சிறு பிள்ளைகள் பலர் கோட்டைக் கண்டவுடனே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். எனவே, பழகும்போது கோட்டுக்கு அப்பால் பத்து அடி தள்ளி நின்றுகொண்டு, "என்னிடம் ஓடி வா" என்று கூப்பிடுங்கள். போட்டி நாளிலும் கயிற்றுக்கு வெளியே, பிள்ளையின் கண்ணுக்கு நேரே தெரியும்படி அந்தப் பக்கமே நில்லுங்கள். பக்கவாட்டில் கூடவே ஓடிக்கொண்டு கத்தினால், பிள்ளை திரும்பிப் பார்க்கும், வேகம் குறையும், அடுத்த பிள்ளையின் பாதையிலும் இடறும்.

காலையில் வயிறு முட்ட உணவு வேண்டாம். ஓடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பை மைலோவும் கொடுத்தால் போதும். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும். முதல் நாள் வாங்கிய புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். பழகிய சப்பாத்தே நல்லது.

நேயர்களே, பால் வெட்டுக்கும் செம்பனைக் குலை வெட்டுக்கும் போகிறவர்களுக்குக் காலையில் திடலுக்கு வருவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. சிறு பிள்ளைகளின் ஓட்டம் எத்தனை மணிக்கு என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தந்தையால் முடியாவிட்டால் தாய் வரலாம்; இருவராலும் முடியாவிட்டால் பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அனுப்புங்கள். தனக்கென ஒருவர் அங்கே நிற்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியவேண்டும். மாலையில் வீடு திரும்பியதும், "எத்தனையாவதாக வந்தாய்?" என்று தொடங்காமல், "கோடு வரைக்கும் ஓடினாயா?" என்று கேளுங்கள்.

நம் நாட்டின் பெரும் ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசனை அறியாதார் யார்? 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அதே போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் எம். இராஜாமணி தங்கம் வென்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். இறுதி ஓட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனால், அந்தப் போட்டியில் அவர் 20.92 வினாடியில் ஓடியது, 2017ஆம் ஆண்டு வரை மலேசியச் சாதனையாக நிலைத்து நின்றது. பதக்கம் கிடைக்காத ஓட்டம்தான் நாற்பத்தொன்பது ஆண்டுகள் பேர் சொல்லியது!

பிள்ளைக்கும் இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொடுங்கள். இவ்வாண்டு எத்தனை வினாடியில் ஓடியது என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதைவிட அரை வினாடி குறைந்தாலும் அது பிள்ளையின் வெற்றிதான். அதற்கு இன்னொரு பிள்ளை தோற்கவேண்டியதில்லை.

பெற்றோர்களே, கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் உரக்கக் கைதட்டுங்கள். அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. திடலில் ஆள் குறையக் குறைய, அந்தப் பிள்ளைக்குத்தான் நம் குரல் அதிகம் தேவைப்படுகிறது.