பாத நோவும் மூட்டிணைப்பு மருத்துவமும்

 

உடலின் பாரம் முழுவதையும் தாங்குவது பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. நோவு வந்த பின்னரே அவற்றின் அருமை புலப்படுகிறது.

கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் ஒரு மூட்டு உள்ளது. மேலுள்ள கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. இந்த அடிமூட்டோ உட்புறமும் வெளிப்புறமும் சாய்க்கிறது. வரப்பின்மேலும் மேடுபள்ளமான தரையிலும் தடுமாறாமல் நடக்கத் துணை செய்வது இதுவே. மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ தவறிக் குதிகால் ஊன்றி விழுவோர்க்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதுண்டு. எலும்பு கூடிய பின்னும், மூட்டினுள் உள்ள வழவழப்பான குருத்தெலும்பு சிதைந்திருந்தால், நாளடைவில் எலும்போடு எலும்பு உராயும். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வேதனையாகும். முடக்குவாதத்தாலும், முற்றிய தட்டைப்பாதத்தாலும் இந்நிலை நேரலாம்.

தக்க காலணி, கணுக்கால் பட்டை, மாத்திரை, மூட்டில் இடும் ஊசி ஆகியவையே முதற்படிகள். அவற்றால் தணியாதபோது மருத்துவர் மூட்டிணைப்பை எண்ணுவர். ஆர்த்ரோடெசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். சிதைந்த மூட்டு அசைவதாலேயே நோவு எழுகிறது. ஆகவே இரு எலும்புகளையும் ஒரே எலும்பாக வளரச் செய்துவிடுவர்.

இம்முறை நெடுங்காலமாக நீண்ட கீறலிட்டே செய்யப்பட்டது. 1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் கெஞ்ஜி டகாகி என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையை நோக்கும் குழலைக் கொண்டு உயிரற்ற உடலொன்றின் முழங்கால் மூட்டினுள் பார்த்தார். அன்று தோன்றிய வழி பின்னர்ப் பாதத்தையும் எட்டியது. 2000ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் நீக் வான் டைக் குழுவினர், குதிநரம்பின் இருபுறமும் இரு சிறு துளைகளிட்டுப் பின்புறமாக இம்மூட்டை அணுகும் முறையை வெளியிட்டனர்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு துளை வழியே மெல்லிய ஒளிக்குழலையும் மற்றொன்றின் வழியே கருவியையும் செலுத்துவர். எஞ்சிய குருத்தெலும்பைச் சுரண்டி, குருதி கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை சீர் செய்வர். பின்னர் எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே குதிகாலின் வழியே திருகாணிகளைச் செலுத்தி இரண்டையும் இறுக்குவர். தசையும் தோலும் அதிகம் சிதைவதில்லை. முன்னரே காயமுற்றுத் தழும்பேறிய குதிகாலுக்கு இது பெரும் நன்மை.

ஆயினும் இங்கேதான் பலர் மயங்குகின்றனர். துளை சிறியதாயின், மறுவாரமே நடந்துவிடலாம் என்று எண்ணுகின்றனர். தோலின் காயம் விரைந்து ஆறினாலும் எலும்பு தன் காலத்தை எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 6 வாரங்கள் அக்காலை ஊன்றலாகாது. எலும்பு நன்கு கூட 3 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குமுன் ஊன்றினால் திருகாணி தளரலாம். எலும்பு கூடாமலே போகலாம். புகைபிடிப்போர்க்கும், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயுடையோர்க்கும் இவ்விடர் மிகுதி.

இழப்பும் உண்டு. பாதத்தின் பக்கச் சாய்வு பெரிதும் குறைந்துவிடும். சமதளத்தில் நன்றாக நடப்பவரும் கரடுமுரடான நிலத்தில் கவனத்தோடு நடக்க வேண்டும். இணைந்த மூட்டின் வேலையை அண்டை மூட்டுகள் சுமப்பதால், ஆண்டுகள் செல்ல அவையும் தேயக்கூடும். துளைகளின் அருகே நரம்பும் குருதிக்குழாயும் செல்வதால், பயிற்சி மிக்க கைகளே இதற்கு வேண்டும். பாதம் மிகவும் கோணியிருந்தால் நீண்ட கீறலே ஏற்றதாகலாம்.

ஆகவே, மருத்துவரிடம் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும். நோவு இந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா? எந்த அசைவு நிலையாகப் போய்விடும்? எத்தனை வாரம் காலை ஊன்றலாகாது?

இல்லத்தாரின் கடமையும் சிறிதன்று. அறுவைக்கு முன்பே கீழ்த்தளத்தில் படுக்கையும், கழிப்பறையில் பிடிமானமும், உயரமான இருக்கையும் அமைத்தல் வேண்டும். "சின்னத் துளைதானே, எழுந்து நடங்கள்" என்று முதியோரை அவசரப்படுத்தும் ஒரு சொல், திறமையான மருத்துவரின் பணியையும் பாழாக்கிவிடும். அந்த மூன்று மாதப் பொறுமையைக் குடும்பமே பகிர்ந்துகொண்டால், ஆண்டுக்கணக்கில் வருத்திய நோவு நீங்கி அவர் மீண்டும் நடமாட வழி பிறக்கும்.