சிறகின் வளைவும் மழைத்துளியும்



சுங்கை செம்பிலாங் என்னும் பெயரில் ஆறும் இருக்கிறது, மீனும் இருக்கிறது. இன்றைய பொருளுக்கும் மீனுக்கும் பழைய உறவு உண்டு. எவ்வடிவம் குறைந்த தடையோடு செல்லும் என்று ஆராய்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கேய்லி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரவுட் மீனின் உடற்சுற்றளவை இடம் இடமாக அளந்தார். முன்னே உருண்டு பின்னே மெலியும் அவ்வடிவம், இன்றைய விமானச் சிறகின் குறுக்குவெட்டை ஒத்தது. அக்குறுக்குவெட்டையே காற்றிதழ் என்கிறோம்.

காற்றிதழைச் சற்று நிமிர்த்தினால் தூக்குவிசை மிகும்; இழுவையும் மிகும். ஏறத்தாழ 15 பாகை கடந்தால், மேற்பரப்பைத் தழுவி வந்த காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். இந்நிலையை ஆங்கிலத்தில் ‘ஸ்டால்’ என்பர். அதை ‘நின்றுபோதல்’ என மொழிபெயர்த்தால், இயந்திரம் நின்றுவிட்டது என்றே மாணவர் எண்ணுவர். இயந்திரம் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இது நிகழும். ஆகவே ‘தூக்கிழப்பு’ என்னும் சொல்லே பொருந்துமென்பது என் கருத்து.

எல்லாக் காற்றிதழ்களும் ஒரேவிதமாகத் தூக்கிழப்பதில்லை. அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழுவான நாக்கா, 1933இல் 78 காற்றிதழ்களின் சோதனை முடிவுகளை ஒரே அறிக்கையில் வெளியிட்டது. அக்குழுவின் 2412 என்னும் வடிவம் செஸ்னா 172 விமானத்தில் உள்ளது. அது மெல்ல, முன்னறிவிப்போடு தூக்கிழக்கும். 230 வரிசை வடிவங்களில் இழுவை குறைவு. ஆனால் தூக்கிழப்பு திடீரென வரும். வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் விரும்பும் வேன்ஸ் ஆர்.வி.-4 இவ்வரிசையைச் சேர்ந்தது. வேகம் வேண்டுமா, பொறுமையான சிறகு வேண்டுமா என்பதைக் கட்டுபவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு விரிவாகப் பேசவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. பர்ட் ரூட்டான் வடிவமைத்த வேரி ஈசி 1975இல் முதன்முதலாகப் பறந்தது. லாங் ஈசி 1979இல் பறந்தது. நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் அறுத்து, கண்ணாடியிழை போர்த்தி, சிறகைக் கட்டுபவரே செய்துகொள்வார். மூக்கருகே சிறிய முன்சிறகு ஒன்று இருக்கும். அதுவே முதலில் தூக்கிழக்குமாறு அமைத்திருந்தனர். அப்போது மூக்கு தானாகத் தாழும். பெருஞ்சிறகு தூக்கிழக்கும் நிலையை எட்டாது. அறிவார்ந்த ஏற்பாடு.

அம்முன்சிறகுக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான ஜி.யூ.25 வரிசைக் காற்றிதழ் ஒன்றைத் தேர்ந்தனர். அதன்மீது காற்று படலம் படலமாக, கலங்காமல் வழுக்கிச் செல்லும். ஆகவே இழுவை குறைவு, தூக்குவிசை மிகுதி. ஆனால் அவ்வொழுங்கு வழவழப்பான பரப்பை நம்பியது. மழைத்துளி படிந்தாலோ, பூச்சிகள் மோதி ஒட்டினாலோ, தோலையொட்டிய காற்று முன்னதாகவே கலங்கி, வலுவிழந்து, பரப்பைவிட்டு விலகியது. முன்சிறகின் தூக்குவிசை குறைந்து, மூக்கு தாழ்ந்தது. விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க நேர்ந்தது. ஒரே வரைபடத்தில் கட்டிய விமானங்களிலும் இவ்விளைவு ஒன்றுபோல் இல்லை. கையால் செய்த சிறகு அல்லவா!

நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடம் முழு அளவு வேரி ஈசியையே பெருங்காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. பின்னர் ஜான் ரான்ஸ், மழையில் நனைந்தாலும் தூக்குவிசையைப் பெரிதும் இழக்காத புதிய காற்றிதழை லாங் ஈசிக்கென வரைந்தார். காற்று வழுக்குவதை மட்டும் நம்பாமல், கலங்கிய பின்னும் அது பரப்போடு ஒட்டியிருக்குமாறு வளைவை அமைத்தார்.

பிற்பகல்தோறும் மேகம் திரளும் நம் நாட்டில், உலர்ந்த சிறகின் எண்களை மட்டும் பார்த்துக் காற்றிதழைத் தேர்வது எவ்வளவு துணிச்சலான செயல் என்று எண்ணிப் பாருங்கள். பழைய முன்சிறகோடு பறப்போர், மழைக்குள் நுழையுமுன்னரே கைப்பிடி கனக்கும் என எதிர்பார்க்க வேண்டும். நனைந்த சிறகோடு மேலெழ மிகுதியான ஓடுபாதை தேவைப்படும் என்றும் கணக்கிட்டாக வேண்டும்.