கருமணலும் காந்தமும்

மன்னார்த் தீவின் கடற்கரையிலே மாலை வேளையில் நடந்து செல்வோர், வெளிறிய மணலின்மீது ஆங்காங்கே கரிய கோடுகள் படர்ந்திருப்பதைக் காண்பர். அலை மீளும்போது இலேசான மணலை இழுத்துக்கொண்டு, கனத்த மணலை விட்டுச் செல்வதால் உண்டாகும் கோடுகள் அவை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலிற் கட்டி அக்கோட்டின் வழியே இழுத்துச் செல்லும் சிறுவன், சிறிது தூரத்தில் அதிலே கரிய தாடி முளைத்திருப்பதைக் கண்டு வியப்பான். மணல் எப்படிக் காந்தத்தில் ஒட்டும்?

உலோகமெல்லாம் காந்தத்தில் ஒட்டும் என்பது பலரிடம் உள்ள தப்பெண்ணம். செம்பும் பித்தளையும் ஈயமும் அலுமினியமும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இரும்பு, நிக்கல், கோபாற்று என்பனவும் அவை சேர்ந்த சில பொருள்களுமே வலிமையாக இழுபடுவன. பித்தளை என்று சொல்லி விற்ற விளக்கிலே காந்தம் ஒட்டிக்கொண்டால், மேற்பூச்சு மாத்திரமே பித்தளை என்று வீட்டுப் பெண்கள் கடைக்காரரிடம் தயங்காமற் சொல்லலாம்.

காந்தத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வாத முனைகள் இழுக்கும். காந்தத்தை நடுவே முறித்தால் வடமுனை வேறு, தென்முனை வேறு எனப் பிரிந்துவிடும் என்று நினைத்தல் இயல்பே. ஆனால், முறித்த துண்டு ஒவ்வொன்றும் இரு முனைகளுடன் முழுக் காந்தமாகவே நிற்கும். அதன் வலிமையைக் கெடுப்பது நெருப்பு. இரும்பை ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அதன் காந்தத் தன்மை மறைந்துவிடும். ஓங்கி அடிப்பதும் காந்தத்துக்கு ஆகாது.

இவ்வேளை நேயர்களின் காதில் விழும் குரலும் காந்தத்தின் உதவியாலேயே வருகிறது. ஒலிபெருக்கியின் உள்ளே நிலைக்காந்தம் ஒன்றும், அதனருகே மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. சுருளிலே பாயும் மின்னோட்டம் கூடிக் குறையுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பும் அதிர்கிறது. இதனை மறுதலையாகச் செய்தால், அதாவது காந்தத்தையும் கம்பிச் சுருளையும் ஒன்றுக்கொன்று அசையச் செய்தால், கம்பியில் மின் பிறக்கும். மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்ட உண்மை இது. சைக்கிள் டைனமோவும், மன்னாரிலே 2020ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்களும் இவ்வுண்மையின்மேலேயே நிற்கின்றன.

கடலோடிக்கோ காந்தம் உயிர் காக்கும் பொருள். நூலிலே சமமாகத் தொங்கும் காந்தவூசி வடக்குத் தெற்காக நிற்பதற்குக் காரணம், பூமியே ஒரு பெரிய காந்தமாக இருப்பதுதான். 1600ஆம் ஆண்டிலே கில்பேட் என்ற ஆங்கில மருத்துவர் இதனை எடுத்துரைத்தார். இலண்டனில் கட்டின்றித் தொங்கும் காந்தவூசி அறுபது பாகைக்கு மேல் நிலத்தை நோக்கிச் சாயும். மன்னாரிலோ அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். புவியின் காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு மிக அண்மையிற் செல்வதே அதற்குக் காரணம்.

இன்று வள்ளங்களிலே செய்மதி வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்டன. மின்கலம் தீர்ந்த இரவிலே பழைய திசைகாட்டியே துணை. அதனருகே இரும்பு நங்கூரத்தையோ ஒலிபெருக்கியையோ வைத்தால் ஊசி பிசகும். தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் செல்லும் வள்ளம் ஐந்து பாகை பிசகினால், இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் விலகிவிடும். மணற்றிட்டுகளும் இரு நாடுகளின் கடலெல்லையும் நெருங்கியுள்ள இக்கடலிலே அது சிறிய பிழையன்று.

இனிக் கருமணலுக்கு மீள்வோம். அதிலே மக்னற்றைற்று இருந்தால், அது காந்தத்தை நோக்கிப் பாய்ந்து ஒட்டும். இல்மனைற்று அப்படியன்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இக்கனியத்தை இழுக்க வலிமை மிக்க காந்தம் வேண்டும். உருத்தைலும் சேர்க்கனும் அதற்கும் அசையமாட்டா. இவ்வேறுபாடே ஆலைக்காரருக்கு வாய்ப்பாகிறது. உலர்ந்த மணலைச் சுழலும் காந்த உருளைகளிற் கொட்டினால் இல்மனைற்று ஒரு பக்கமும் ஏனையவை மறுபக்கமும் பிரிந்து விழும். புல்மோட்டை மணலுக்காக 1957ஆம் ஆண்டிலே அரசாங்கம் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. இக்கரிய மணலிலிருந்து கிடைக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, சுவருக்குப் பூசும் தூய வெண்ணிறமாகிறது என்பது வேடிக்கையான செய்தி.

மன்னாரின் மணலிலும் இல்மனைற்று உண்டு. அதனை அகழும் முயற்சிக்கும் புதிய காற்றாலைகளுக்கும் எதிராக 2025ஆம் ஆண்டிலே தீவு மக்கள் திரண்டு நின்றனர். அவர்களது அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நீதியன்று. மணற்றீவிலே மழைநீர் மணலின் அடியில், உப்புநீருக்கு மேலே, மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வீட்டுக் கிணறும் பனையும் அதனையே நம்பியுள்ளன. கனியத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணலைக் குழியில் மீண்டும் கொட்டலாம். ஆயினும், நிலத்தின் பழைய மட்டமும் நீரின் பழைய நிலையும் அதனோடு தாமாகத் திரும்பிவிடா. எவ்வளவு ஆழம் தோண்டப்படும், கிணற்று நீர் யாராற் சோதிக்கப்படும் என்று கேட்பதற்கு அங்கு வாழ்வோருக்கு முழு உரிமை உண்டு.

கரையிலே இச்சோதனையைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் காந்தத்தை முதலில் மெல்லிய காகிதத்தாற் சுற்றிக்கொள்ளட்டும். வெறுங் காந்தத்தில் ஒட்டிய துகள்களைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு. காகிதத்தோடு கழற்றினால், அவை தாமாகவே உதிர்ந்து விழும்.