விரிசல் தொடங்கிய இடம்



நம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையைத் திறக்கும் வேளையில், விரிசல் கண்ட பொம்மையைக் கைதேர்ந்த தொழிலாளி உடனே வீசியெறிவதில்லை. விரிசல் எங்கே தொடங்கிற்று, மண் பிசைந்ததில் குறையா, ஈரம் உலருமுன் சூளை ஏறிற்றா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பின்னரே அதைக் கீழே வைக்கிறார். அந்தச் சிரத்தையில் பாதியேனும் ஒரு குழந்தையின் தப்புக் கணக்குக்கு நாம் காட்டுகிறோமா என்பதே தொடக்கப் பள்ளி ஆசிரியர்களான உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

52இல் 27 போக மீதி 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சிவப்பு மையால் ஒரு கோடிழுத்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது சுலபம். ஆனால், "எப்படிக் கண்ணு வந்தது?" என்று அருகில் அமர்ந்து கேட்டால், "இரண்டில் ஏழு போகாதே சார், அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன்" என்று அது சொல்லும். அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. 52 என்பதிலுள்ள 5, ஐந்து பத்துகள் என்பதுதான் தெரியவில்லை. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நூறு முறை சொல்லியும் விளங்காத அந்த ரகசியம், பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டை அதுவே அவிழ்க்கும்படி விட்டால், அந்த நிமிஷத்திலேயே விளங்கிவிடும்.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த நம் முன்னோரை நான் குறைகூற வரவில்லை. வாய்ப்பாடு என்றும் வேண்டியதே. ஆயினும், கை அறிந்த எண்ணையே நாக்கு நெடுங்காலம் காக்கிறது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணிதம் போதித்து, 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் காட்சியகம் அமையக் காரணமாயிருந்த பி. கே. சீனிவாசன் அவர்கள், பிள்ளைகள் தாமே செய்து பார்க்கும் கணிதத்துக்கே தம் ஆயுளைச் செலவிட்டார். 2022இல் நம் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துப் போதிக்கச் சொல்கிறது. பிள்ளை அரும்பில் நிற்கிறது என்பதைப் பரீட்சை சொல்லும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைப் பிள்ளையின் வாய்தான் சொல்லும்.

ஆகையால் என் விண்ணப்பம் சிறியது. நாளொன்றுக்கு ஒரு பிள்ளையின் ஒரு தப்புக் கணக்கை எடுத்து, அது வந்த வழியை அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அதை வாசியுங்கள். வெந்த பொம்மையின் விரிசல் அடுத்த பொம்மைக்குத்தான் பிரயோஜனப்படும். குழந்தையின் விரிசலோ, பார்ப்பவர் இருந்தால், அந்தக் குழந்தைக்கே பிரயோஜனப்படும்.