வீட்டுத் தேவைக்கு மரம் அறுக்கும் ரம்பம் – எதை வாங்கலாம்?

(உழவர் கருத்தரங்கு ஒன்றில் பண்ணை இயந்திரத் துறை ஆசிரியர் ஆற்றிய உரை)



செயின் ரம்பம் என்றும், மரம் அறுக்கும் மிஷின் என்றும் நாம் சொல்லும் சங்கிலி ரம்பத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மரக்கடைக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் உரிய பெரிய இயந்திரங்களைப் பற்றி அல்ல. ஆண்டில் ஐந்தாறு நாட்கள் பட்டுப்போன தென்னையை அறுக்கவும், வேலிக் கருவையை வெட்டவும், விறகு துண்டு போடவும் ஒரு சிறு விவசாயிக்கு எது ஏற்றது, எது கட்டுபடியாகும் என்பதுதான் நம் பேச்சு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ரம்பத்தையே தொட்டறியாத பலர் அந்த மாதத்தில்தான் அவசரமாக ஒன்றை வாங்கினார்கள். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். "விலை குறைந்ததாகப் பாருங்கள், அது போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர் 22 அங்குல ரம்பம் ஒன்றை வாங்கி வந்தார். மூன்றாம் நாள், ஒரு மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் நுனி அதற்குப் பின்னால் கிடந்த மரத்தில் பட்டது. ரம்பம் மேல் நோக்கித் துள்ளி அவருடைய இடது தோளைக் கிழித்தது. சங்கிலியை நிறுத்த வேண்டிய பிரேக் வேலை செய்யவில்லை. வாங்கும்போது அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இன்றும் அவரால் அந்தக் கையால் மண்வெட்டியை ஓங்க முடியாது. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன யோசனையை இன்று முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ரம்பம் 10,000 ரூபாய், அதனுடன் வாங்க வேண்டிய பாதுகாப்புப் பொருள்களும் அரமும் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகிறது. சங்கிலி, எண்ணெய், பிளக் என்று ஆண்டுக்கு 1,500 ரூபாய் சேர்த்தால் 4,500 ரூபாய். உங்கள் ஊரில் ரம்பத்துடன் வரும் ஆளுக்கு நாள் கூலி 2,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை உள்ளவர் வாங்குவதில் லாபம் இல்லை. நான்கைந்து நாள் வேலை இருந்தால் வாங்கலாம். உங்கள் ஊர்க் கூலியை வைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பங்காளிகளோ அண்டை வயல்காரர்களோ நாலு பேர் சேர்ந்தும் வாங்கலாம். ஆனால் ரம்பம் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். பழகிய ஒருவரே ஓட்ட வேண்டும்.

மற்றொன்று. நின்ற மரத்தைச் சாய்ப்பதற்காகவே ரம்பம் வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வீட்டை ஒட்டியோ மின்கம்பியை ஒட்டியோ உள்ள மரம் பழகிய ஆளுக்கு உரிய வேலை. சாய்ந்து கிடப்பதைத் துண்டு போடுவது, கிளை கழிப்பது, விறகு அறுப்பது ஆகியவையே வீட்டு ரம்பத்தின் வேலை.

மூன்று வகை

1. பேட்டரியில் ஓடும் கைரம்பம்: நான்கு, ஆறு அங்குல அளவில் கிடைக்கிறது. மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளைகளைக் கழிக்கப் போதும். மா, கொய்யா, எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்கு ஏற்றது. அடிமரத்துக்கு ஆகாது.

2. மின்சார ரம்பம்: 16 அங்குலத்தில், ஏறத்தாழ 2,000 வாட் மோட்டாருடன் வருகிறது. பெட்ரோல் கலக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், பராமரிப்பும் குறைவு. வீட்டுக் கொல்லையிலேயே விறகு அறுப்பவர்களுக்கு இதுவே சிக்கனமானது. ஆனால் மின்னழுத்தம் குறைந்த ஊரில் மோட்டார் எரிந்துபோகும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து ஓட்டக் கூடாது. மழையிலும் ஈரத்தரையிலும் தொடவே கூடாது.

3. பெட்ரோல் ரம்பம்: மின்சாரம் எட்டாத தோப்புக்கும் வயலுக்கும் இதுதான் வழி. 58 சிசி, 22 அங்குலம் என்று பெரிய எண்களைக் காட்டி, ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரூபாய்க்கு விற்கப்படும் ரம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். தென்னையின் பருமன் பெரும்பாலும் ஓர் அடிதான். அதற்கு 16 அங்குலமே போதும். கூடினால் 18 அங்குலம். நீளம் கூடக் கூட எடை கூடும், கை சோரும், நுனி எதன்மேல் படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 35 முதல் 45 சிசி வரை உள்ள இயந்திரம் சிறு விவசாயிக்குத் தாராளம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடைக்காரரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அ) முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பை முன்னால் தள்ளினால் சங்கிலி அந்த நொடியே நிற்க வேண்டும். இதுதான் பிரேக். நிற்காத ரம்பத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆ) ஆக்சிலேட்டரை விட்டதும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் சங்கிலி சுழலக் கூடாது.

இ) ரம்பத்தின் நுனியை ஓர் அட்டைக்கு அருகே, அதைத் தொடாமல் பிடித்து வேகமாக ஓட்டினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் சங்கிலிக்கு எண்ணெய் போகவில்லை என்று பொருள்.

ஈ) சங்கிலி, பிளக், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு ஆகியவை உங்கள் பக்கத்து ஊரிலேயே கிடைக்கின்றனவா, கார்புரேட்டர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று கேளுங்கள். 3,000 ரூபாய் குறைவு என்று தபாலில் வரவழைத்த ரம்பம், 50 ரூபாய்க் கயிறு கிடைக்காமல் பரணில் கிடப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

ரம்பத்துடன் கண்ணாடி, காதடைப்பான், தலைக்கவசம், கெட்டியான பூட்ஸ், அளவான அரம் ஆகியவற்றையும் சேர்த்து விலை கேளுங்கள். அதுவே ரம்பத்தின் உண்மையான விலை.

எரிபொருளும் பராமரிப்பும்

பெட்ரோல் ரம்பம் டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ரம்பமே வீணாகும். கலவை 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. உங்கள் ரம்பத்துக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்து, மூடியிலேயே எழுதி வையுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எப்போதாவது ஓட்டும் ரம்பம் அடுத்த முறை கிளம்பாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட்டிப் பிறகு எடுத்து வையுங்கள்.

சங்கிலி எண்ணெய்க்குத் தனி டேங்க் உண்டு. பெட்ரோல் ஊற்றும் போதெல்லாம் அதையும் நிரப்புங்கள். தென்னையில் ஒட்டிய மணல் பல்லை மழுக்கிவிடும். மரத்தூள் பூப்போலச் சன்னமாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது, அரம் போட வேண்டும் என்று அறியலாம்.

உயிர் காக்கும் விதிகள்

தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை ஊன்றிக் கயிற்றை இழுங்கள். இரு கையாலும் பிடியுங்கள். நுனியின் மேல்பாதியால் எதையும் தொடாதீர்கள். துள்ளி உதைப்பது அதனால்தான். தோளுக்கு மேல் தூக்கியோ, மரத்தில் ஏறியோ, ஏணியில் நின்றோ அறுக்காதீர்கள். வேட்டி, துண்டு, தொளதொளத்த சட்டை வேண்டாம். வேரோடு சாய்ந்த மரத்தைத் துண்டித்ததும் அடிக்கட்டை சட்டென்று நிமிர்ந்து பழைய குழியில் விழலாம். அந்தக் குழியருகே பிள்ளைகளை விடாதீர்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

ரம்பம் கையில் இருக்கிறது என்று கண்ட மரத்தில் எல்லாம் வைத்துவிடக் கூடாது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தனம் போன்ற மரங்களுக்கு வனத்துறையின் அனுமதியும் வேண்டும். சொந்த நிலத்தில் நின்றாலும் கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.

உழவர் பெருமக்களே, அடுத்த புயல் வந்த பிறகு அவசரத்தில் வாங்காதீர்கள். இப்போதே நிதானமாகப் பார்த்து, சிறியதாக, பிரேக் நன்றாக உள்ளதாக, பக்கத்து ஊரில் பழுது பார்க்கக் கூடியதாக வாங்குங்கள். கட்டுபடியாகாவிட்டால் ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. விலை குறைந்ததே போதும் என்று அன்று சொன்ன நான், கை குறையாமல் இருப்பதே முதல் லாபம் என்று இன்று சொல்லி விடைபெறுகிறேன்.